பதின்மூன்றும் பத்தும்

சேலையூர்,
9.11.1992

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

சுந்தரவல்லி எழுதுவது. நான்கு வருடம் கழித்து நலம் விசாரிப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிடுகிறேன். இது ஆபீஸ் விஷயம். உங்கள் விலாசத்தை அம்மாவிடம் வாங்கினேன்.

கேம்ப் ரோட்டில் நான் வேலை பார்க்கும் பிரெயில் அச்சகத்துக்கு வெளிநாட்டு டிரஸ்ட் ஒன்று ஒரு மிஷினை நன்கொடையாக அனுப்பியிருக்கிறது. கம்ப்யூட்டரிலுள்ள எழுத்தை வாங்கி, கெட்டித் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தரும். கையால் ஒரு பக்கம் குத்த எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும். இது ஒரு நிமிஷத்தில் முடிக்கிறது. ஆனால் இங்கிலீஷ் மட்டும்தான் அதற்குத் தெரியும். தமிழைப் புள்ளிகளாக மாற்றித் தர ஒரு புரோகிராம் வேண்டுமாம்.

எங்கள் செயலாளர் லோகநாயகி மேடம், "யார் வீட்லயாவது கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அண்ணன் பெங்களூர்ல அந்த வேலைதான் செய்யறார்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஹாஸ்டலில் ஒன்பது பெண்கள் மார்ச் மாதம் ப்ளஸ் டூ எழுதுகிறார்கள். வரலாற்றுப் புத்தகம் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஒரே பிரதி. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஆளுக்கு நான்கு நாள் வைத்துக்கொள்கிறார்கள். போன வருடம் இரண்டு பேர், தங்கள் கைக்கு வந்தே சேராத பாடத்திலிருந்து கேள்வி வந்து ஃபெயில் ஆனார்கள்.

முடியுமா முடியாதா என்று எழுதவும். உங்கள் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டப்போவது இங்கே அட்டெண்டராக இருக்கும் சரசு. அதை மனதில் வைத்து எழுதவும்.

வில்பிரட் நலம். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிட்டேன்.

சுந்தரவல்லி


பெங்களூர்,
17.11.1992

அன்புள்ள வல்லி,

என்ன புதிதாக 'நீங்கள்'?

புரோகிராம் எழுதலாம். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் எந்தெந்தப் புள்ளி என்று ஒரு பட்டியல் போட்டு அனுப்பு. வரலாற்றுப் புத்தகத்தையும் அனுப்பு. நானே சாயங்காலங்களில் டைப் செய்கிறேன். பதினான்கு அத்தியாயம் என்பது பெரிய வேலையில்லை. எங்கள் ஆபீஸில் யூனிக்ஸ் என்ற வகைக் கம்ப்யூட்டர். உங்களிடம் இருப்பது டாஸ் என்று நினைக்கிறேன். ஃப்ளாப்பியில் மாற்றி அனுப்ப வழி இருக்கிறது, கவலைப்படாதே.

ஃபோன் செய்யலாமா என்று யோசித்தேன். பிறகு எழுதுவதே நல்லது என்று தோன்றியது.

மற்ற விஷயங்களை இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை. சரசு அவர்களுக்கு என் வணக்கம்.

சம்பந்தம்


சேலையூர்,
21.12.1992

அண்ணா,

ஃப்ளாப்பி வந்தது. முதல் அத்தியாயத்தைப் போட்டுப் பார்த்தோம். அச்சக ஆட்கள் ஏழு பேரும், ஹாஸ்டல் பெண்கள் ஒன்பது பேரும் மிஷினைச் சுற்றி நின்றோம். மிஷின் டகடகவென்று ஆரம்பித்ததும் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

தாள் வெளியே வந்ததும் நான்தான் முதலில் தொட்டேன். முதல் வரி அருமை. தமிழ்! தலைப்பும் பாட எண்ணும் ஒரு புள்ளி பிசகாமல் இருந்தன. இரண்டாவது வரிக்கு இடது ஓரம் போனேன். ஒன்றுமில்லை. வெறும் தாள். தேடிக்கொண்டே போனால், வரி வலது பக்கம் எங்கேயோ ஆரம்பித்து, ஏழு எழுத்து போய், ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது வரியிலிருந்து எல்லாமே வலது ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்திக் கிடக்கிறது.

சரசு பார்த்துவிட்டு, "இன்னா மேடம் இது, மாடிப்படி மாரி எறங்கிகினு போய் செவுத்துல முட்டிக்கினு கீது" என்றாள். அவளுக்கு அது படமாகத் தெரிகிறது. எங்களுக்கு வெறும் வெற்றிடம்.

ஹாஸ்டல் பெண்களில் ஞானஜோதி என்று ஒருத்தி, எதையும் முகத்துக்கு நேரே சொல்பவள். "அக்கா, பழைய புக்கையே முறை போட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

என்ன செய்வது?

வல்லி


பெங்களூர்,
28.12.1992

அன்புள்ள வல்லி,

ஃபைலைத் திரும்பவும் பார்த்தேன். இங்கே திரையிலும் சரி, பிரிண்டரிலும் சரி, ஒவ்வொரு வரியும் இடது ஓரத்தில்தான் தொடங்குகிறது. ஃபைலில் ஒரு தவறும் இல்லை.

தாள் கோணலாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மாதிரி மிஷினில் தாளின் இரண்டு ஓரத் துளைகளையும் சரியாகப் பொருத்த வேண்டும். கண் தெரிந்த யாரையாவது தாள் மாட்டச் சொல்லி இன்னொரு தடவை முயற்சி செய். உங்களால் அதைச் சரிபார்ப்பது கஷ்டம்.

சம்பந்தம்


சேலையூர்,
2.1.1993

அண்ணா,

தாளை மாட்டியது சரசு. அவளுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். உன் கடிதத்தைப் படிக்கும்போது "உங்களால்" என்ற இடத்தில் நிறுத்தி, "மீதிய படிக்கட்டுமா வேணாவா?" என்று கேட்டாள். படி என்றேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் கல்யாணப் பேச்சு வந்தபோது கீழ்க்கட்டளை வீட்டில் எல்லார் முன்னாலும் நீ சொன்னதும் இதே மாதிரி ஒரு வாக்கியம்தான். "ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியலைன்னா யார் யாருக்கு வழி காட்டறது?" இந்தக் கடிதத்தைச் சரசுவை வைத்து எழுதவில்லை. நானே டைப் அடிக்கிறேன், அவள் தபாலில் போடுவாள், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். நேற்று விடுமுறை. வில்பிரட் தாளைப் பிடித்துக்கொள்ள, நான் அந்த முதல் பக்கத்தை விரலால் எண்ணினேன். எங்கள் தாளில் ஒரு வரிக்கு நாற்பது எழுத்து இடம். முதல் வரியில் முப்பத்து மூன்று எழுத்து. இரண்டாவது வரி சரியாக முப்பத்து நான்காவது இடத்தில் தொடங்குகிறது. தாள் கோணலாகப் போனால் இவ்வளவு கணக்காக விழாது. இரண்டாவது அத்தியாயத்தையும் மிஷினில் போட்டு எண்ணினேன். அங்கே முதல் வரி பன்னிரண்டு, இரண்டாவது வரி பதின்மூன்றாவது இடத்தில் தொடங்கி இருபத்தெட்டில் முடிகிறது, மூன்றாவது இருபத்தொன்பதில் தொடங்குகிறது. அதாவது ஒவ்வொரு வரியும், மேல் வரி எங்கே விட்டதோ அதற்கு அடுத்த இடத்தில்.

இந்தக் கடிதத்தை அடிக்கிற டைப்ரைட்டரில் இப்போது வரி முடிந்தது. கைப்பிடியைத் தள்ளினேன். பதினோரு வருடமாக ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. உருளை ஒரு பல் சுழன்று தாளை மேலே ஏற்றுகிறது. பிறகு கேரியேஜ் திரும்பி வரியின் ஆரம்பத்துக்கு வருகிறது. உருளையின் ஓரத்துக் குமிழை மட்டும் திருகினால் தாள் ஏறும், கேரியேஜ் நகராது. அப்படியே அடித்துப் பார்த்தேன். சரசுவின் மாடிப்படி அப்படியே வருகிறது!

எங்கள் மிஷின் உருளையைச் சுற்றுகிறது, திரும்பி வர மறக்கிறது. மறக்கிறதா, அல்லது நீ சொல்லவில்லையா? வரி முடிகிற இடத்தில் உன் ஃபைலில் என்ன எழுதி வைத்திருக்கிறாய்?

வல்லி


பெங்களூர்,
8.1.1993

வல்லி,

உன் கடிதத்தை ஆபீஸில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்தேன். பிறகு ஃபைலை எழுத்தாகப் பார்க்காமல், ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே இருக்கும் எண்ணாக வரிசையாகப் பார்த்தேன். ஒன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு ஃபைலை இப்படி முழுக்க எண்ணாகப் பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு எழுத்து இருக்கிறது. அதன் எண் பத்து. அது திரையில் தெரியாது. தாளிலும் விழாது. கண் உள்ளவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. வரி உடைந்திருப்பதை வைத்து அது அங்கே இருக்கிறது என்று நம்புகிறோம், அவ்வளவுதான். அந்தப் பத்துக்கு அர்த்தம், தாளை ஒரு வரி ஏற்று.

இன்னொரு எழுத்து உண்டு. எண் பதின்மூன்று. அதன் பெயரே "கேரியேஜ் ரிட்டர்ன்". தந்தி ஆபீஸ்களில் தட்டச்சு மிஷின்கள் கம்பி வழியாகப் பேசிக்கொண்ட காலத்தில் வைத்த பெயராம். எனக்கு அது வெறும் பெயர். கேரியேஜ் என்ற ஒன்று எங்கேயோ நிஜமாகத் திரும்பி வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

உங்கள் டாஸ் வரி முடிவில் இரண்டையும் எழுதும், பதின்மூன்று, பத்து. எங்கள் யூனிக்ஸ் பத்தை மட்டும் எழுதும். திரும்பி வருவதை எங்கள் மிஷின் தானாகச் சேர்த்துக்கொள்ளும். உங்கள் மிஷின் சொன்னதை மட்டும் செய்தது. நான் பாதிதான் சொல்லியிருந்தேன்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கைப்பிடியின் இரண்டு அசைவுகள் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. அதை நீ விரலால் எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறாய். எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் சொன்னேன். என் மேலதிகாரி, "உங்க தங்கச்சி எங்க இன்ஜினியரிங் படிச்சாங்க?" என்று கேட்டார். பத்தாம் வகுப்புக்கு மேல் நாங்கள் படிக்க வைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒவ்வொரு பத்துக்கு முன்னாலும் ஒரு பதின்மூன்றைச் சேர்க்கிற புரோகிராம் எழுதிவிட்டேன். ஆறு அத்தியாயங்கள் இத்துடன்.

தாள் கோணல் என்று எழுதியது தப்பு.

சம்பந்தம்


சேலையூர்,
1.2.1993

அண்ணா,

முதல் ஆறு அத்தியாயங்களும் அற்புதமாக வந்தன. அந்தச் சந்தோஷத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் உன் இரண்டாவது ஃப்ளாப்பி வந்தது. ஏழாவது அத்தியாயத்தைப் போட்டோம்.

மிஷின் குத்திக்கொண்டே இருந்தது. தாள் நகரவில்லை. சத்தம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் தாளைக் குத்தும் சத்தம், பிறகு அட்டையைக் குத்துவது போல, பிறகு இரும்பு இரும்பைத் தொடுவது போல. "ஐயோ, நிறுத்துங்கோ! கிழிஞ்சிக்கினு வருது!" என்று சரசு கத்தினாள். சுவிட்சை அணைப்பதற்குள் ஒரு ஊசி உடைந்துவிட்டது.

அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு வரி. நாற்பது இடத்திலும் ஆறு புள்ளியும் நிரம்பி, பல இடங்களில் ஓட்டையாகி இருக்கிறது. ஓர் அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது, அண்ணா. அத்தனை ராஜாக்களும், சண்டைகளும், வருடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு சொல்கூடத் தொலையவில்லை, ஒரு சொல்லையும் படிக்க முடியவில்லை. என் விரலை அதிலிருந்து எடுக்கவே மனசு வரவில்லை. பயமாகவும் இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் சொல்லப்பட்டால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை கேரியேஜ் திரும்பி வருகிறது, உருளை சுற்றவில்லை. எப்படி?

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கிறது. ஊசி வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள்.

வல்லி


பெங்களூர்,
5.2.1993

வல்லி,

மறுபடியும் நான்தான்.

ஆபீஸ் மிஷினை ஒரு வாரம் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஏழு முதல் பத்து வரையிலான பாடங்களை, பத்திரிகை ஆபீஸில் இருக்கும் ஒரு நண்பரின் மெக்கின்டாஷில் அடித்தேன். அது மூன்றாவது ஜாதிக் கம்ப்யூட்டர். அது வரி முடிவில் பதின்மூன்றை மட்டும் எழுதுமாம். பத்து இல்லவே இல்லை. என் புரோகிராம் பத்தைத் தேடியது, ஒன்றும் கிடைக்காததால் எதையும் மாற்றாமல் விட்டுவிட்டது. நானும் எண்களைத் திறந்து பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

யோசித்துப் பார். வரி எங்கே முடிகிறது என்று சொல்வது எவ்வளவு சின்ன விஷயம். அதைக்கூட மூன்று மிஷின்கள் மூன்று விதமாகச் சொல்கின்றன. ஒவ்வொன்றும் தன் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

புதிய புரோகிராம் அனுப்புகிறேன். எந்த வகையில் வந்தாலும் முதலில் வரி முடிவு என்று மட்டும் புரிந்துகொண்டு, கடைசியில் உங்கள் மிஷினுக்கு வேண்டிய இரண்டையும் எழுதும். இந்தத் தடவை எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். இரண்டு ராத்திரி ஆனது.

ஊசிக்கு என்ன செய்வீர்கள்? நான் இங்கே விசாரிக்கட்டுமா?

சம்பந்தம்


சேலையூர்,
24.2.1993

அண்ணா,

ஊசி கிடைத்துவிட்டது. வில்பிரட் உடைந்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூன்று பஸ் மாறித் திருமுடிவாக்கம் போனார். அங்கே குப்புராஜ் என்பவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். "இன்னாத்துக்கு சார் இது?" என்று கேட்டிருக்கிறார். இவர் பையிலிருந்து கெட்டித் தாளை எடுத்து, அவர் பெயரைக் கையால் குத்தி, அவருடைய விரலைப் பிடித்து வைத்துப் படித்துக் காட்டினாராம். எண்ணெய்க் கையோடு குப்புராஜ் அதையே தடவிக்கொண்டு நின்றாராம். மறுநாள் நான்கு ஊசி தந்தார். மூன்று உடைந்தால் மாற்றுவதற்கு.

பத்து அத்தியாயங்களும் ஒன்பது பிரதிகளாக வந்துவிட்டன. முந்தாநாள் பெண்களைக் கீழே கூப்பிட்டு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். ஞானஜோதி வாங்கிக்கொண்டு, "இது எந்தப் பாடம்? எத்தனை நாள் வச்சுக்கலாம்?" என்று கேட்டாள். "எல்லாப் பாடமும். உன்னோடதுதான்" என்றேன். தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு டீச்சர், "ஏழாவது பாடம், மூணாவது பக்கம், அஞ்சாவது வரி" என்றார். இந்த ஹாஸ்டலில் இப்படி ஒரு வாக்கியத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரே வரியை ஒன்பது பேர் ஒரே நேரத்தில் தொட முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது விரல்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. தாளில் விரல் போனால் மெல்லச் சரசரக்கும், தெரியுமா? பிறகு ஒன்பது பேரும் சேர்ந்து படித்தார்கள். வரி முடிந்ததும், யாரும் சொல்லாமலேயே, ஒன்பது கைகளும் ஒன்றாக இடது ஓரத்துக்குத் திரும்பி ஒரு வரி கீழே இறங்கின.

லோகநாயகி மேடம் அழுதார் என்று சரசு சொன்னாள். சரசுவும் அழுதிருப்பாள், சொல்லமாட்டாள்.

மீதி நான்கு பாடங்களைச் சீக்கிரம் அனுப்பு.

வல்லி


பெங்களூர்,
1.3.1993

வல்லி,

மீதி நான்கு பாடங்களோடு இந்த ஐந்தாவது ஃபைலையும் வைத்திருக்கிறேன். இதை நீ தனியாக இருக்கும்போது மிஷினில் போட்டு எடு என்று சீட்டில் எழுதினேன். இது புள்ளியாக மட்டும் வரும். சரசுவால் இதைப் படிக்க முடியாது. நம் வீட்டில் நான் இதுவரை உனக்கு மட்டும் என்று ஏதாவது சொன்னதே இல்லை என்பது இதை எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் சொன்ன வார்த்தையை நீ இன்னும் மறக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. உனக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவைப் பார்க்க வந்தேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உங்கள் இருவரையும் பார்த்தேன். நீ ஒரு வாணலியைத் தட்டித் தட்டிப் பார்த்து, கனம் போதாது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். பிறகு வில்பிரட்டிடமும் சண்டை போட்டாய். பிறகு இருவரும் சிரித்தீர்கள். நான் பத்தடி தூரத்தில் நின்றேன். கூப்பிட வெட்கம். உங்கள் பின்னாலேயே பஸ் ஸ்டாப் வரை வந்தேன்.

ஒரு பஸ் வந்து நின்றது. வில்பிரட் என் பக்கம் திரும்பி, "சார், இது சேலையூர் போற பஸ்ஸா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். பக்கத்தில் வேறு யாருமில்லை. அது சேலையூர் பஸ்தான். வாயைத் திறந்தால் என் குரல் உனக்குத் தெரிந்துவிடும். நான் பேசவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார். பஸ் போய்விட்டது.

யார் யாருக்கு வழி காட்டுவது என்று கேட்டவன் நான். வழி கேட்டபோது ஊமையாக நின்றவனும் நான்தான்.

இதைச் சொல்லாமல் உங்கள் வீட்டுக்குள் வர முடியாது என்று தெரியும். சொன்ன பிறகு வர முடியுமா என்று தெரியவில்லை.

சம்பந்தம்


சேலையூர்,
9.3.1993

அண்ணா,

நான்கு பாடங்களும் கிடைத்தன. நாளை மறுநாள் வரலாற்றுப் பரீட்சை. மாடியிலிருந்து காலை ஐந்து மணிக்கே படிக்கிற சத்தம் கேட்கிறது.

உன் ஐந்தாவது ஃபைலை, வந்த அன்றே மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது எடுத்தேன். மூன்று பக்கம். நம் வீட்டிலிருந்து எனக்கு வந்த கடிதங்களில், வேறொருவர் குரல் வழியாக வராத முதல் கடிதம். ஒரு தடவை வேகமாகப் படித்தேன். பஸ் வந்த வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. திரும்பவும் இடது ஓரத்திலிருந்து படித்தேன்.

கோபம்தான் வந்தது. மூன்று நாள் உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன். அன்று அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை கேட்டும் பதில் வராததால், அந்த ஸ்டாப்பில் ஆளே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆள் இல்லாததும், ஆள் இருந்து பேசாததும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை நீ தெரிந்தே செய்திருக்கிறாய். இதை எழுதாமல் விட்டால் மனதில் தங்கிவிடும்.

நேற்று அந்தத் தாள்களை வில்பிரட்டிடம் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படிப்பவர். முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு, "வல்லி, அன்னிக்கு நாம எதுக்கு சண்ட போட்டோம்?" என்று கேட்டார்.

"வாணலிக்கு" என்றேன்.

"அது இல்ல. அதுக்கு அப்புறம் ஒண்ணு போட்டோமே?"

எனக்கும் ஞாபகம் வரவில்லை. "உங்க அண்ணன் வந்தா அவரக் கேக்கணும். அவருதான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றார். சிரிக்கிறாரா என்று அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பரீட்சை முடிந்ததும் வா. இங்கே இரண்டு அறை, ஒன்றில் தாள் கட்டுகள் கிடக்கின்றன, ஒதுக்கி வைக்கிறோம். எந்த நாள், தாம்பரத்திலிருந்து எத்தனை மணி பஸ் என்று முன்கூட்டியே எழுது. நாங்கள் இருவரும் கேம்ப் ரோடு ஸ்டாப்பில் வந்து நிற்போம்.

இறங்கியதும் முதலில் நீதான் பேச வேண்டும்.

வல்லி